பொடி வேண்டாம், இட்லி போதும்

வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் எல்லையோர வீட்டாருக்கு,

பாலக்காட்டுப் பக்கம் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். இடுக்கிப் பக்கம் மறையூர், காந்தளூர், வட்டவடை, பூப்பாறை, குமுளி. வீட்டுக்குள் தமிழும் ரேஷன் கடையில் மலையாளமும் பேசி வாழும் உங்கள் எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நான் பிறந்தது மூணாறு எஸ்டேட் லயத்தில், பெண் எடுத்தது கொழிஞ்சாம்பாறையில். நடுவில் பதினோரு வருஷம் துபாயில் ஒரு ஓட்டலின் குளிர் சமையலறையில் வேலை பார்த்தேன். அங்கே அடுப்பு கிடையாது. சாலட், பாலாடைக்கட்டி, புகைபோட்ட மீன், கேவியர் இவைதான் எங்கள் கையில். அதனால்தான் இப்போது ஊரில் யார் வீட்டில் அந்தச் சின்ன டின் வந்து இறங்கினாலும் எனக்கு போன் வருகிறது. வராமல் போன வீடுகளை நினைத்துத்தான் இந்த மடல்.

அப்படிப் போன் வராத வீடு ஒன்று என் பெரியம்மாவுடையது. சென்ற விஷு விடுமுறைக்கு ஷார்ஜாவிலிருந்து வந்த பேரன், 50 கிராம் டின் ஒன்றை ஃபிரிட்ஜில் வைத்து, "மீன் முட்டை அப்பத்தா, ரொம்ப ஒசத்தி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூட்டாளிகளோடு மலம்புழா போய்விட்டான். மீன் முட்டையை என்ன செய்வதென்று பெரியம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேங்காயெண்ணெய் காய்ந்தது. கடுகு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் விழுந்தன. டின் கவிழ்ந்தது. மேலே தேங்காய்த் துருவல். நான் போய் உட்கார்ந்தபோது சோற்றுக்குப் பக்கத்தில் கறுப்புப் புள்ளி விழுந்த தோரன் இருந்தது. "ஏங்கண்ணு, உப்புக் கொஞ்சம் தூக்கல். தேங்காயப் போட்டுச் சரிக்கட்டிட்டேன்" என்றார்.

தோரன் நன்றாகவே இருந்தது. ஆனால் சூடுபட்ட மணிகள் சுருங்கி, ரப்பர்க் குருணை மாதிரி பல்லில் நெறிந்தன. பையன் திரும்பி வந்து விலையைச் சொன்னதும், "அந்தக் காசுக்கு ஒரு கன்னுக்குட்டி பிடிச்சிருக்கலாமே சாமி" என்று பெரியம்மா தலையில் கை வைத்தார். அவர் மேல் தப்பே இல்லை. தின்னும் முறையையும் சேர்த்துக் கொண்டுவந்திருக்க வேண்டியவன் பேரன்.

முதலில் அது என்ன பொருள் என்று சொல்லிவிடுகிறேன். நம் மீன்காரர் சினை என்கிறார், மலையாளி பரிஞ்ஞில் என்கிறார், ரஷ்யர் இக்ரா என்கிறார். எந்த மீனின் சினையும் ரஷ்யருக்கு இக்ராதான். கேவியர் என்ற பெயர் ஸ்டர்ஜன் குடும்பத்து மீன்களின் சினைக்கு மட்டும் உரியது. பன்னாட்டு உணவுத் தர விதியும் அதைத்தான் சொல்கிறது. ஸ்டர்ஜன் நம் கடலிலும் ஆற்றிலும் இல்லை. காஸ்பியன் கடலும் கருங்கடலும் அதன் பேர்பெற்ற ஊர்கள். உடம்பில் நம் மீன்களைப் போல வரிசையான செதில் இருக்காது, எலும்புத் தகடுகள் இருக்கும். இந்தச் செதில் விஷயம் ஈரானில் பெரிய வழக்காகவே இருந்தது. ஷியா மரபில் செதிலில்லாத மீன் ஆகாது. 1983-ல் ஆயத்துல்லா கொமேனி, இதற்கும் செதில் உண்டு என்று ஏற்று, தின்னலாம் என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அங்கே சிக்கல் தீர்ந்தது. நம் பாலக்காட்டு ராவுத்தர் வீடுகளில் சிலர் என்னிடம் தயங்கிக் கேட்டிருக்கிறார்கள். சுன்னி மரபில் மீனுக்கு இந்தச் செதில் கணக்கு கிடையாது. கல்பாத்தி அக்கிரகாரத்தாருக்கு இந்த மடலே இல்லை. அவர்கள் ஜவ்வரிசியோடு நிம்மதியாக இருக்கட்டும்.

டின் கைக்கு வந்ததும் திறக்காதீர்கள், வாசியுங்கள். ஒட்டுச் சீட்டில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு இருக்கும். எந்த வகை ஸ்டர்ஜன், எந்த நாடு, எந்த ஆண்டு என்பதெல்லாம் அதில் அடக்கம். நடுவில் 'சி' என்ற ஒற்றை எழுத்து இருந்தால் பண்ணையில் வளர்ந்தது, 'டபிள்யூ' இருந்தால் காட்டுநீரில் பிடித்தது. இன்று கடைகளில் நேர்வழியில் விற்பது அநேகமாக எல்லாமே பண்ணைச் சரக்கு. அதிகம் விளைவிப்பது சீனா. அபுதாபியில் பாலைவன வெயிலுக்கு நடுவே கூரைபோட்ட தொட்டிகளில் ஸ்டர்ஜன் வளர்க்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? உண்மை. அழிந்துவரும் உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 1998 முதல் எல்லா ஸ்டர்ஜன் இனங்களையும் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு ஒருவர் 125 கிராம் வரை கொண்டுபோக அந்த ஒப்பந்தத்தில் சலுகை உண்டு. அதற்கு மேல் பிள்ளைகளைக் கேட்காதீர்கள். 125-க்குள் என்றாலும் சுங்கத்தில் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மூடியின் நிறத்திலும் ஒரு பழைய வழக்கம் உண்டு. நீலம் பெலுகா, மஞ்சள் ஒசெத்ரா, சிவப்பு செவ்ருகா. இப்போது எல்லாக் கம்பெனியும் அதைப் பின்பற்றுவதில்லை, எழுத்தை நம்புங்கள். 'மலொசோல்' என்று போட்டிருந்தால் உப்புக் குறைவு என்று அர்த்தம். நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான் இருக்கும். நம் ஊறுகாய்க் கணக்கில் அது உப்பே இல்லை. அதனால்தான் சீக்கிரம் கெடும். சூப்பர் மார்க்கெட்டில் மலிவாக, கண்ணாடிக் குப்பியில், கறுகறுவென்று கிடைப்பது பெரும்பாலும் லம்ப்ஃபிஷ் என்னும் வேறு மீனின் சினை, சாயம் போட்டது. தயிரில் வைத்தால் சாயம் இறங்கி மை கொட்டியது போலாகும். அதற்கு வெங்காயம் போடுங்கள், எலுமிச்சை பிழியுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை.

இனி விஷயம். நல்ல கேவியருக்குத் தொடுகறி தேடும்போது நம் கை தானாக எதை நோக்கிப் போகுமோ, அதெல்லாம் ஆகாது. எலுமிச்சை ஆகாது, புளிப்பு அந்த வெண்ணெய் ருசியை வெட்டிவிடும். பச்சையாகச் சின்ன வெங்காயம் ஆகாது. அடுத்த நாள் காலை வரை வாயில் வெங்காயம்தான் இருக்கும். மிளகாய், மிளகு, இஞ்சி, பூண்டு வேண்டாம். காந்தளூர்-வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் உங்களைப் போலவே எனக்கும் பெருமை. அதற்காக அதை இதில் நசுக்கிப் போட முடியாது. மறையூர் வெல்லத்துக்கும் அதே பதில். தேங்காயெண்ணெய் பற்றிச் சொன்னால் என்னை ஊரைவிட்டுத் தள்ளிவைப்பீர்கள், ஆனாலும் சொல்லியாக வேண்டும்: தோசைக்கல்லில் தேய்த்த ஒரு சொட்டின் வாசம்கூட கேவியரை மூடிவிடும். வெண்ணெய் தடவுங்கள்.

அந்த ருசியை ஒரு முறை தனியாகப் பார்த்தால் இந்தக் கண்டிப்பு புரியும். நாக்குக்கும் மேல்வாய்க்கும் இடையில் வைத்து லேசாக அமுக்க வேண்டும், மெல்லக் கூடாது. மணி உடையும். முதலில் உப்பு, பின்னால் வெண்ணெய், அதற்கும் பின்னால் பச்சை முந்திரியைக் கடித்தது போல ஒரு கொழுப்பு, கடைசியில் கடல் வாசம் கொஞ்சம். நான்கும் மெல்லிய குரல்காரர்கள். பக்கத்தில் செண்டை அடித்தால் ஒன்றும் கேட்காது.

ரஷ்யர்கள் இதற்குப் பிளினி என்று ஒரு சின்ன அப்பம் சுடுவார்கள். பக்வீட் மாவில் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில். அதை முதன்முதலில் துபாயில் சுட்டபோதே எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. புளித்த மாவு, மெத்தென்ற உடம்பு, சொந்தமாகப் பெரிய ருசி இல்லாத அடக்கம். எலப்புள்ளிக்குப் பக்கத்தில் ராமசேரியில் முதலியார் குடும்பங்கள் தலைமுறையாக வார்க்கும் இட்லியை விட்டால் இதற்கு வேறு யார்? மண் வளையத்தில் நூல்வலை கட்டி, மேலே துணி விரித்து, மாவை ஊற்றிப் பானைமேல் வேகவைப்பது. நம் இட்லி போல உப்பாது. தட்டையாக, சின்ன ஊத்தப்பம் போல, பஞ்சாக இருக்கும். ஒரு நாள் கழித்தும் காயாது. ராமசேரி இட்லி ஒன்றை நாலாக வெட்டினால் நாலு பிளினி. கூடக் கட்டித்தரும் பொடியை மட்டும் அன்றைக்கு எடுத்து ஒளித்துவைத்துவிடுங்கள். பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து அந்த இட்லியோடு தின்பது பாலக்காட்டின் பெரிய சுகங்களில் ஒன்று, மறுநாள் காலை தின்னலாம்.

ராமசேரி தூரம் என்றால் ஆப்பம். கேரளத்துக் கள்ளுக்கடைகளுக்குப் போகும் கள்ளில் பெரும்பங்கு நம் சித்தூர் வட்டத்துத் தோப்புகளில் இறக்கியது. அந்தக் கள்ளைக் கொஞ்சம் ஊற்றிப் புளிக்கவைத்த ஆப்ப மாவு இருந்தால் குழிச்சட்டி வேண்டாம், தோசைக்கல்லில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டங்களாக விடுங்கள். சர்க்கரை சேர்க்காதீர்கள். தேங்காய்ப் பாலும் அன்றைக்கு வேண்டாம். இடுக்கிப் பக்கத்தாருக்கு இன்னும் சுலபம்: வட்டவடை உருளைக்கிழங்கில் பொடிசாகப் பார்த்து எடுத்து, தோலோடு, உப்பில்லாமல் வேகவையுங்கள். இரண்டாக வெட்டி, நடுவில் லேசாகக் குழித்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே வெண்ணெய் ஒரு துளி, அதன்மேல் கேவியர். ஓட்டலில் நான் செய்த எதையும்விட எனக்கு இதுதான் பிடித்தது. கேழ்வரகில் சின்னத் தோசை சுட்டும் பார்த்தேன். பக்வீட்டின் மண்வாசம் அதில் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் ராகியின் சொரசொரப்பு மணிகளோடு சண்டை போடுகிறது. ஒரு முறை செய்தது போதும்.

வெள்ளைக்காரர் வைக்கும் புளித்த பாலேட்டுக்கு மாற்று நம் வீட்டிலேயே உறைந்துகொண்டிருக்கிறது. சொசைட்டிக்கு ஊற்றியது போக மீந்த பாலில் உறைத்த தயிர், அதன் மேலாடை. புளிப்பு ஏறுமுன், உறைந்த அன்றே எடுத்துவிட வேண்டும். ஆடை போதாவிட்டால் தயிரைத் துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிடுங்கள். அவித்த முட்டையின் மஞ்சளைச் சல்லடையில் தேய்த்துத் தூளாக வைக்கலாம். ஆளுக்கொரு சிட்டிகை, அவ்வளவுதான். பச்சை வேண்டும் என்று கண் கேட்டால், வெங்காயத்தாளின் நுனியை மட்டும் மெல்லியதாக நறுக்கித் தண்ணீரில் அலசிப் போடுங்கள்.

பரிமாறுவதில் நம் பழக்கம் ஒன்றை மாற்றியாக வேண்டும். விருந்தாளிக்கு இலை நிறைய வைப்பது நம் மரியாதை. இதை வைத்தால் அரைக் கரண்டிதான் வைக்க முடியும். 50 கிராம் டின் நாலு பேருக்குச் சரி, ஆறு பேர் என்றால் ருசி பார்க்கலாம். இருபது பேர் வந்திருக்கும் நாளில் திறக்காதீர்கள். சாப்பாட்டோடு வைக்கவும் வேண்டாம். சாயங்காலம், பசி லேசாக எடுக்கும் நேரத்தில், மீன்குழம்பின் வாசம் அடுக்களையில் எழும்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். டின்னிலேயே வைக்கலாம், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. ஒரு கிண்ணத்தில் ஐஸை உடைத்துப் போட்டு, டின்னை அதில் பதித்து வையுங்கள். பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயிலுக்கு அந்த ஐஸ் கால் மணி நேரம் தாங்காது; இன்னொரு தட்டு ஐஸ் தயாராக இருக்கட்டும். மார்கழி, தையில் மூணாறில் புல்லின்மேல் உறைபனி கட்டும் நாட்களில் ஐஸே தேவையில்லை, வராந்தா போதும்.

வெள்ளிக் கரண்டி கூடாது. அது கறுக்கும், கேவியரிலும் உலோக வாசம் ஏறும். சிப்பிக் கரண்டி என்று தனியாக விற்கிறார்கள், வாங்க வேண்டாம். மரக்கரண்டி, பிளாஸ்டிக் கரண்டி, சிரட்டையில் செய்த சின்னக் கரண்டி, எதுவும் ஆகும். சிரட்டைக் கரண்டி புதிதாக இருந்தால் எண்ணெய் வாசம் போக ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டுவையுங்கள். எவர்சில்வர்தான் இருக்கிறது என்றால் அதில் எடுத்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. கடைக்காரர்கள் செய்வதுபோலக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் ஒரு துளி வைத்து நக்கிப் பார்க்கலாம். கையில் அத்தர், சந்தனம், சோப்பு வாசம் இருக்கக் கூடாது. குடிப்பதற்கு ரஷ்யர் வோட்கா, பிரெஞ்சுக்காரர் ஷாம்பெயின். நம் வீடுகளில் எலுமிச்சை பிழியாத வெறும் சோடா, அல்லது சர்க்கரை இல்லாத ஆறிய கிரீன் டீ. காலைக் கள்ளு இனிப்பு, சேராது.

டின்னை ஃபிரீசரில் வைத்த இரண்டு வீடுகளைப் பார்த்திருக்கிறேன். உறைந்தால் மணி வெடித்துக் கூழாகும். ஃபிரிட்ஜின் பின்புறம், அதிகம் குளிரும் இடத்தில் வையுங்கள், கதவில் வேண்டாம். திறப்பதற்குப் பத்து நிமிஷம் முன் வெளியே எடுங்கள். திறந்ததை இரண்டு நாளுக்குள் முடியுங்கள். கரண்ட் போய்ப் போய் வரும் வீடு என்றால் அன்றே. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு, சூடுகாட்டிப் பதப்படுத்தாத கேவியரைக் கொடுக்காதீர்கள். ரத்தக்கொதிப்புக்காரர் ஒரு துளியோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

இவ்வளவும் படித்துவிட்டு, நம் சினை தாழ்த்தி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. துபாயில் கிலோக்கணக்கில் கேவியர் பரிமாறியவன் சொல்கிறேன், மத்திச் சினைக்கு அது ஒரு படி மேலும் இல்லை, கீழும் இல்லை. நம் சினை நெருப்பைக் கேட்கிற பொருள். மலம்புழா, வாளையார் கட்லாவின் சினையைப் பச்சையாக உப்புப் போட்டுக் கேவியர் செய்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். நன்னீர் மீனில் புழுக்கள் இருக்கலாம், வேகவைத்தே ஆக வேண்டும். அதிலும் ஒரு முறை உண்டு. சவ்வு கிழியாமல் எடுத்து, மஞ்சளும் உப்பும் தடவி, வாழையிலையில் மடித்து முதலில் ஆவியில் வையுங்கள். நேரே எண்ணெயில் போட்டால் பட்டாசு மாதிரி வெடித்து முகத்தில் தெறிக்கும். வெந்த பிறகு துண்டு போட்டு வறுக்கலாம். அல்லது சுறாப்புட்டுக்கு உதிர்ப்பதுபோல் உதிர்த்து, பெரியம்மாவின் தோரனை அப்படியே செய்யலாம். அந்தக் கடுகு, அந்தப் பச்சை மிளகாய், அந்தத் தேங்காயெண்ணெய் எல்லாம் இங்கேதான் சேர வேண்டும். குடம்புளிக் குழம்பில் போடுவதாக இருந்தால் கடைசியில் போடுங்கள். பேத்தை மீன் சினை மட்டும் எந்த நெருப்புக்கும் அடங்காத விஷம், தொடவே வேண்டாம்.

ஒன்று கேட்க வேண்டும் உங்களிடம். பெலுகாப் பெண்மீன் சினை வைக்கப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பிடித்துப் பிடித்துத்தான் காஸ்பியனில் அது அழியும் நிலைக்கு வந்தது. நம் ஊரிலும் இடவப்பாதி மழை கொட்டியதும் ஆற்று மீன் வயிறு நிறையச் சினையோடு தோட்டிலும் வயலிலும் ஏறுகிறது. ஊத்த என்று மலையாளத்தில் சொல்கிறோமே, அது. அந்த நேரத்தில் வலைபோட்டுப் பிடிப்பது கேரளத்தின் 2010-ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். ஆனாலும் ஜூன் மாதம் சாலையோரத்தில் வாளியில் விற்கிறார்கள், நாமும் வண்டியை நிறுத்துகிறோம். நானும் நிறுத்தியிருக்கிறேன். அந்த மாதத்தில் சினைக்கு ஆசைப்பட்டால் வளர்ப்புக் குளத்துக் கட்லாவைக் கேட்டு வாங்குங்கள். அல்லது ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கும் 52 நாள் டிராலிங் தடை முடிந்து, ஆகஸ்டில் பொன்னானி, சாவக்காட்டு லாரிகள் வரும்வரை பொறுங்கள்.

பிள்ளைகளுக்குப் போன் போடும்போது ஒன்று சொல்லிவையுங்கள். டின்னை ஐஸ் பாக்கெட்டோடு சுற்றி எடுத்துவர வேண்டும், நெடும்பாசேரியில் இறங்கி அடிமாலி வழியாக மூணாறு ஏற நாலு மணி நேரம் ஆகும் என்பதை மறக்கக் கூடாது, வீட்டுக்கு வந்ததும் அடுக்களையில் இருப்பவரிடம் சொல்லாமல் மலம்புழாவுக்குக் கிளம்பக் கூடாது.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு பழைய சமையல்காரன்

பின்குறிப்பு: காலி டின்னை எறிய வேண்டாம், மூடி இறுக்கமாக நிற்கும். பெரியம்மா வீட்டு டின்னில் இப்போது பெருங்காயம் இருக்கிறது.